கடிதம் வந்த வழியையும் வாசிப்போம்

போன முறை நாங்கள் விட்ட சிறுகதை அழைப்புக்கு வந்த ஒரு கதையை, வாசிக்காமலே தள்ளினோம். முடிவு நேரம் ஞாயிறு இரவு 12 மணி. அந்தக் கதை எங்கட இன்பொக்ஸில் 12.36 க்கு வந்ததாகக் காட்டியது. "பிந்தி வந்திட்டுது, அடுத்த முறை பாப்பம்" என்று இரண்டு வரி பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

அடுத்த நாள் அந்தத் தங்கச்சி திருப்பி எழுதியிருந்தா. சண்டை பிடிக்கவில்லை. "அக்கா, நான் 11.42 க்கே அனுப்பீட்டன். என்ர பக்கத்தில அப்பிடித்தான் காட்டுது" என்று ஒரு ஸ்கிரீன்ஷொட்டோடு எழுதியிருந்தா. அதைப் பார்த்து எங்களில் ஒருவர் சொன்னார், "ஸ்கிரீன்ஷொட்டில நேரத்தை மாத்திறது பெரிய வேலையே?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஸ்கிரீன்ஷொட்டை யாரும் மாற்றலாம். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு, முகம் தெரியாத ஒரு பிள்ளையைப் பொய்காரி என்று எங்கட மனதுக்குள் தீர்த்தும் விட்டோம்.

பிறகுதான் இன்னொருவர் கேட்டார்: "சரி, ஹெடரில என்ன கிடக்கு எண்டு பாத்தனீங்களோ?" பார்க்கவில்லை. திறந்து பார்த்தோம். கதை எங்கட சேர்வருக்கு 11.43 க்கே வந்து சேர்ந்திருந்தது. அங்கிருந்து நாங்கள் வாசிக்கிற ஜிமெயில் பெட்டிக்கு வர 53 நிமிஷம் எடுத்திருந்தது. பிந்தினது அவ இல்லை. நாங்கள்.

மின்னஞ்சல் ஹெடரில் இருக்கும் பாதைத் தகவல் கணினி படித்த ஆட்களின் சமாச்சாரம் என்று நாங்களும் நினைத்திருந்தோம். இப்போது அப்படி நினைக்கவில்லை. மெயிலை நம்பி வேலைக்கும் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கிற எல்லாருக்கும், மெயிலை நம்பிக் காசு அனுப்புகிற எல்லாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஹெடர் என்றால் என்ன என்று பார்ப்போம். தபாலில் வரும் கடிதத்தை நினைத்துப் பாருங்கோ. உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் பெயரை யாரும் எழுதலாம். 'ஜனாதிபதி, கொழும்பு' என்று நாங்களே எழுதி ஒட்டி அனுப்பலாம். தபாற்காரர் ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் முத்திரையின் மேல் கொடிகாமம் என்று கறுப்பு மையில் குத்தியிருந்தால் கதை விளங்கிவிடும். அந்தக் குத்தை நாங்கள் குத்தவில்லை. தபாற்கந்தோர் குத்தியது.

மெயிலிலும் இதே இரண்டு வகையும் இருக்கின்றன. 'ஃப்ரொம்' என்ற வரியும் 'டேட்' என்ற வரியும் உறையில் அனுப்புகிறவர் எழுதுவது மாதிரி. அதில் எதையும் போடலாம், எந்த நேரத்தையும் போடலாம். 'ரிசீவ்ட்' என்று தொடங்குகிற வரிகள்தான் தபாற்கந்தோர் குத்து. உங்கட மெயில் ஒரு சேர்வரில் இருந்து இன்னொரு சேர்வருக்குக் கைமாறும் ஒவ்வொரு தடவையும், வாங்குகிற சேர்வர் ஒரு வரியை மேலே சேர்க்கும். யாரிடம் இருந்து வாங்கினேன், வாங்கிய நான் யார், என்ன முறையில் வாங்கினேன், என்னுடைய பதிவு இலக்கம் என்ன, எத்தனை மணிக்கு வாங்கினேன் என்ற விபரம் அதில் இருக்கும்.

இது புதுசாகக் கண்டுபிடித்த பாதுகாப்பு வித்தை இல்லை. ஜோன் போஸ்டல் 1982 இல் எழுதிய எஸ்எம்டிபி விதிகளிலேயே இந்த நேரக்குத்து இருக்கிறது. 2008 இல் அந்த விதிகளைப் புதுப்பித்தபோது, முன்னால் ஒரு சேர்வர் போட்ட 'ரிசீவ்ட்' வரியை அடுத்த சேர்வர் மாற்றவும் கூடாது அழிக்கவும் கூடாது என்று அழுத்தி எழுதினார்கள். தபாற் குத்தின் கதை அதைவிடப் பழையது. இங்கிலாந்தில் தபால் தலைவராக இருந்த ஹென்றி பிஷப், நாளும் மாதமும் உள்ள ஒரு சின்ன வட்டக் குத்தை 1661 இல் கொண்டுவந்தார். கடிதங்களைத் தபால்காரர் வைத்திருந்து பிந்திக் கொடுக்கிறார்கள் என்று சனம் முறைப்பாடு சொன்னதுதான் காரணம். இந்தக் குத்து முதலில் வந்தது கள்ளக் கடிதம் பிடிக்க அல்ல, எங்கே பிந்தியது என்று கண்டுபிடிக்க. எங்கட கதை விஷயத்திலும் அது அந்தப் பழைய வேலையைத்தான் செய்தது.

இனி அந்த ஹெடரை எப்படி வாசித்தோம் என்று சொல்கிறோம். புது வரி எப்போதும் மேலே ஏறுவதால், பயணத்தைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். கீழே அனுப்பின இடம், மேலே நீங்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது மூன்று நேரங்கள். அவவின் 'டேட்' வரியில் 23:42, பக்கத்தில் +0530. நடுவில், நாங்கள் மலிவு வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் சேர்வரின் வரியில் 18:13, பக்கத்தில் +0000. மேலே ஜிமெயிலின் வரியில் 12:06, பக்கத்தில் -0700.

முதல் பார்வையில் எங்களுக்கு தலை சுத்திவிட்டது. ராத்திரி அனுப்பின மெயில் பின்னேரம் வந்து மத்தியானம் போய்ச் சேர்ந்ததா? பக்கத்தில் இருக்கும் அந்தக் குட்டி இலக்கம்தான் திறப்பு. +0530 எங்கட நேரம். +0000 என்பது உலகப் பொது நேரம், அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் எங்கட நேரம். 18:13 எங்கட கணக்கில் 23:43. -0700 என்பது அமெரிக்காவின் மேற்குக் கரையின் கோடைகால நேரம். ஏழு கூட்டிப் பொது நேரத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஐந்தரை கூட்டவேண்டும். 12:06 அப்படி வந்து நள்ளிரவு தாண்டி 12.36 ஆகியது. மெயில் எங்கேயும் பின்னோக்கி ஓடவில்லை. மணிக்கூடுகள்தான் வேறு வேறு.

இதில் எந்த வரியை நம்புவது? அவவின் 'டேட்' வரியை நாங்கள் நம்பத் தேவையில்லை. அது அவ பக்கத்து நேரம். 18:13 என்று சொன்னது எங்கட சேர்வர், நாங்கள் காசு கட்டுகிற சேர்வர். அதை அவவால் தொட முடியாது. எங்கட வாசலில் எங்கட ஆள் குறித்து வைத்த நேரத்தைப் பார்க்காமல், அவவின் ஸ்கிரீன்ஷொட்டைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தோம்.

அந்த 53 நிமிஷம் ஏன் எடுத்தது? ஹெடர் அதைச் சொல்லாது. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் நேரம் போனது என்று மட்டும்தான் சொல்லும். வாங்க வேண்டிய சேர்வர் "இப்ப ஏலாது, பிறகு வா" என்று சொல்லியிருக்கலாம். மெயில் உலகில் அது சாதாரண விஷயம், அனுப்புகிற சேர்வர் மெயிலை வரிசையில் வைத்திருந்து திரும்பத் திரும்ப முயற்சிக்கும். எங்களுக்கு ஏன் என்பது அவ்வளவு தேவைப்படவில்லை. எங்கே என்பது தெரிந்ததும் குற்றம் யாருடையது என்பது தெரிந்துவிட்டது.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பாரமானது. எங்களில் ஒருவரின் மச்சானுக்கு, கனடாவில் ஒரு ஹோட்டலில் வேலை என்று மெயில் வந்தது. பெயர் பெற்ற ஹோட்டல். 'ஃப்ரொம்' வரியில் அந்த ஹோட்டலின் சரியான முகவரிதான் இருந்தது, எழுத்துப் பிழைகூட இல்லை. விசா பைல் திறக்க 85,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். வீட்டில் சங்கிலியை அடகு வைக்கிற கதை நடந்துகொண்டிருந்தது.

"மெயிலை ஒருக்கா அனுப்பு, பாப்பம்" என்றோம். வட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷொட் வந்தது. அதில் ஒன்றும் இல்லை, அழகான லோகோவைத் தவிர. பிறகு அவரை லப்டொப்பில் மெயிலைத் திறக்க வைத்து ஹெடரைப் பார்த்தோம். அவருடைய மெயில் சேவை, அந்த மெயிலைத் தன்னிடம் கொண்டுவந்து தந்த சேர்வரின் பெயரைக் குறித்து வைத்திருந்தது. அந்தப் பெயருக்கும் ஹோட்டலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 'ஓதென்டிகேஷன் ரிசல்ட்ஸ்' என்ற வரியில் எஸ்பிஎஃப் தோல்வி என்று இருந்தது. விளக்கமாகச் சொன்னால், அனுப்புகிற முகவரியின் சொந்தக்காரர் தன் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சேர்வர்களுக்கு அனுமதி என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருப்பார். இந்தச் சேர்வர் அந்தப் பட்டியலில் இல்லை. 'ரிப்ளை டு' வரியில் யாரும் இலவசமாகத் திறக்கக்கூடிய ஒரு முகவரி. பதில் போட்டால் ஹோட்டலுக்குப் போகாது, அந்த ஆளுக்குப் போகும்.

இன்னொன்றும் தெரியவந்தது. அந்த மெயில் முதலில் ஸ்பாம் பெட்டிக்குள்தான் விழுந்திருந்தது. மச்சான்தான் அதை வெளியே எடுத்திருந்தார். "வேலை மெயில் எண்டு போட்டிருந்தது, பிழையா உள்ளுக்கு விழுந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன்." அவர் முட்டாள் இல்லை. வேலை இல்லாமல் இரண்டு வருஷம் இருந்த ஆள், வந்த கதவை மூட மனம் வராத ஆள். நாங்கள் சொல்லியும் உடனே நம்பவில்லை, இரண்டு நாள் எடுத்தது. ஆனால் "இது கள்ளம், நம்பாதை" என்று மொட்டையாகச் சொல்வதைவிட, "இந்த வரியைப் பார், இந்தச் சேர்வர் யாருடையது எண்டு நீயே தேடிப் பார்" என்று காட்டியது வேலை செய்தது. தானே தேடிப் பார்த்தார். சங்கிலி வீட்டிலேயே இருக்கிறது.

பெரிய இடத்து ஆட்களும் இந்த வலையில் விழுந்திருக்கிறார்கள். 2013 முதல் 2015 வரை, லித்துவேனியாவைச் சேர்ந்த எவல்டாஸ் ரிமசௌஸ்கஸ் என்பவர், தாய்வானில் உள்ள ஒரு கணினி உற்பத்தி நிறுவனத்தின் ஊழியர்கள் எழுதியது போலப் போலி மெயில்களையும் பில்களையும் அனுப்பி, கூகுளிடமும் பேஸ்புக்கிடமும் இருந்து 100 மில்லியன் டொலருக்கு மேல் கறந்தார். 2019 இல் நியூயோர்க்கில் அவருக்கு ஐந்து வருஷச் சிறை. மெயிலை நடத்துகிற நிறுவனத்தையே மெயிலால் ஏமாற்ற முடிந்தது. ஆகவே ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கத்தை முதலில் விடுவோம்.

இப்போது மறுபக்கம். ஹெடரைப் பற்றி எழுதுகிற சிலர் அதைத் துப்பறியும் மந்திரம் மாதிரி எழுதுகிறார்கள். அது மந்திரம் இல்லை.

ஒன்று, எல்லா 'ரிசீவ்ட்' வரிகளும் ஒரே தரம் இல்லை. மேலே உள்ளவற்றை உங்கட சொந்த மெயில் சேவை எழுதியது, அவற்றை நம்பலாம். அதற்குக் கீழே உள்ளவை உங்களுக்குத் தெரியாத ஆட்களின் சாட்சி. கள்ளன் தான் அனுப்பும்போதே இரண்டு மூன்று போலி வரிகளைக் கீழே எழுதி அனுப்பலாம், சேர்வர்கள் அதை அழிக்காது. பயணத்தைக் கீழிருந்து வாசியுங்கோ, நம்பிக்கையை மேலிருந்து கணக்குப் பாருங்கோ.

இரண்டு, எல்லாச் சோதனையிலும் 'பாஸ்' என்று வந்தால் அந்த மெயில் நேர்மையானது என்று அர்த்தம் இல்லை. ஹோட்டல் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் புதிய முகவரி வாங்கி, எல்லாவற்றையும் முறையாகச் செய்தால் அந்தப் போலியும் பாஸ்தான். உங்கட நண்பரின் பாஸ்வேர்ட்டைக் களவெடுத்து அவருடைய கணக்கில் இருந்தே அனுப்பினாலும் பாஸ்தான். பாதை சரியாக இருக்கும், ஆள் பிழையாக இருப்பார். வெளிநாட்டு வேலை என்றால் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். ஹெடர் அந்த வேலையைச் செய்யாது.

மூன்று, ஹெடரில் ஆளின் வீடு இருக்காது. இதைக் கொஞ்சம் உரத்துச் சொல்ல விரும்புகிறோம். ஒரு ஐபி முகவரியை எடுத்து இணையத்தில் தேடி, "இது எங்கட ஊர்தான், ஆர் எண்டு தெரியும்" என்று பேஸ்புக்கில் பெயர் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஜிமெயில் தளத்தில் இருந்து அனுப்பினால் அனுப்பினவரின் ஐபி முகவரி ஹெடரில் வராது, கூகுளின் சேர்வர்தான் தெரியும். போன் டேட்டாவில் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பலபேர் பகிர்ந்து பாவிப்பார்கள். தேடினால் வருகிற ஊர்ப் பெயரும் பலதடவை பிழை. ஒரு இலக்கத்தை வைத்து ஒரு ஆளைக் குற்றவாளி ஆக்கினால், நாங்கள் அந்தத் தங்கச்சிக்குச் செய்ததையே இன்னும் மோசமாகச் செய்கிறோம். எந்தக் கணக்கை யார் பாவித்தது என்பதைச் சேவை நிறுவனத்திடம் சட்டப்படி கேட்டு எடுக்கப் பொலிசும் நீதிமன்றமும் இருக்கின்றன.

அனுப்புகிறவரின் ஐபியைப் பெரிய சேவைகள் மறைப்பது பிழை என்றும் சிலர் வாதிடுகிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. ஒரு பத்திரிகையாளருக்கு ரகசியமாகத் தகவல் அனுப்புகிறவர் இருக்கிறார். அடிக்கிற புருசனிடம் இருந்து ஓடி ஒளிந்து, வழக்கறிஞருக்கு மெயில் போடுகிற பெண் இருக்கிறா. அவர்கள் எங்கே இருந்து எழுதுகிறார்கள் என்று ஹெடர் காட்டிக்கொடுக்கக் கூடாது. எங்களுக்குத் தேவை சேர்வர்கள் கைமாறிய பாதை. எழுதியவரின் வீட்டுப் படலை அல்ல.

இவ்வளவு குறையும் இருக்க ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். எங்கட பதில் இதுதான். ஒரு மெயிலில் நீங்கள் கண்ணால் பார்க்கிற பெயர், லோகோ, நேரம், கையொப்பம் அனைத்தையும் அனுப்புகிறவர் தன் விருப்பப்படி எழுதலாம். அவருடைய கை எட்டாத பகுதி உங்கட பக்கத்துச் சேர்வர் எழுதின அந்த ஒன்றிரண்டு வரிகள்தான். அதைத்தான் மெயில் சேவைகள் மூன்று கிளிக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கின்றன. ஜிமெயிலின் போன் செயலியில் அதைப் பார்க்க வழியே இல்லை. எங்கட பெடியள் பெட்டையளில் கனபேருக்கு லப்டொப் இல்லை, போன் மட்டும்தான். கூடுதலாக ஏமாறக்கூடியவர்களுக்குத்தான் சாட்சி கிடைக்காமல் இருக்கிறது. இது மாற வேண்டும் என்று கேட்கிறோம்.

மாறும் வரைக்கும் செய்யக்கூடியவை சில உண்டு. இந்தக் கிழமை ஒரு மெயிலை எடுத்து ஒருக்கா திறந்து பாருங்கோ. கணினியில் ஜிமெயில் என்றால், மெயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைக் கிளிக் செய்து 'ஷோ ஒரிஜினல்'. போன் மட்டும் இருந்தால் பிரவுசரில் ஜிமெயிலை டெஸ்க்டொப் தளமாகத் திறந்து பார்க்கலாம். சந்தேகமான மெயில் வந்தால் கோபத்தில் அழிக்காதீங்கோ. முறைப்பாடு செய்யப் போகும்போது ஸ்கிரீன்ஷொட் போதாது. சும்மா போர்வேர்ட் பண்ணினாலும் காணாது, அது உங்களிடம் இருந்து புறப்படுகிற புது மெயில், பழைய பாதை அதில் இராது. மூல மெயிலைப் பைலாகத் தரவிறக்கி அல்லது இணைப்பாகச் சேர்த்துக் கொடுங்கோ. அதேவேளை முழு ஹெடரையும் பேஸ்புக்கில் ஒட்டாதீங்கோ, அதில் உங்கட முகவரியும் மற்ற விபரங்களும் கிடக்கும்.

விண்ணப்பம் வாங்குகிற இடங்களிடமும் ஒன்று கேட்கிறோம். மெயிலில் விண்ணப்பம் அனுப்பு என்றால், எந்த நேரம் கணக்கு என்றும் சொல்லுங்கோ. உங்கட இன்பொக்ஸ் காட்டுகிற நேரமா, உங்கட சேர்வர் வாங்கின நேரமா? 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு ஆவணத்தைச் செல்லாது என்று தள்ளக்கூடாது என்கிறது. அப்படியிருக்க, உங்கட பக்கத்துத் தாமதத்தை ஒரு பிள்ளையின் தலையில் கட்டி விண்ணப்பத்தைத் தள்ளுவது என்ன நியாயம்? "பிந்தி வந்தது" என்ற பதிலோடு எத்தனை பேர் பேசாமல் போயிருப்பார்கள்? எங்களிடம் அந்தத் தங்கச்சி திருப்பிக் கேட்டதால்தான் எங்களுக்கே தெரிந்தது.

அவவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினோம். கதையை மற்றக் கதைகளோடு வைத்து வாசித்தோம். தெரிவானதா இல்லையா என்பது வேறு கதை, வாசிக்கப்படுவது அவவின் உரிமை. அடுத்த அழைப்பில் இருந்து ஒரு வரி புதிதாக வரும்: "எங்கள் சேர்வர் பெற்றுக்கொண்ட நேரமே கணக்கு. பிந்தியது என்று நாங்கள் சொன்னால், ஹெடரைக் காட்டும்படி நீங்கள் கேட்கலாம்."

கேளுங்கோ. நாங்கள் காட்டுவோம்.